பேரங்காடிப் பனியும் பெத்லகேம் குறவஞ்சியும்



ஆண்டிறுதி நெருங்கும்போது கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. "சார், பிள்ளைகள் மனத்தில் நிற்கிற மாதிரி கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டும். என்ன செய்யலாம்?"

நல்ல வினாதான். ஆனால், அதைத் தொடர்ந்து வரும் பேச்சு எங்கே போகிறது என்று பாருங்கள். எந்தப் பேரங்காடியில் இவ்வாண்டு அலங்காரம் அழகு, எங்கே செயற்கைப் பனி பொழிகிறது, எந்த மரம் மலிவு, எந்த விடுதியில் விருந்து என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பண்டிகையை மனத்தில் நிறுத்துவதற்குக் கடையில் ஏதோ ஒரு பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது.

என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்தின் பண்டிகை வறண்டு போனதற்குக் காரணம் பணமோ நேரமோ இல்லாமை அன்று. பண்டிகையிலிருந்து தமிழை வெளியே அனுப்பிவிட்டோம். தமிழோடு சேர்ந்து பண்டிகையும் வெளியே போய்விட்டது. அதனைத் திரும்ப அழைக்க வேண்டுமானால் தமிழின் கையைப் பிடித்துத்தான் அழைத்துவர வேண்டும். நானும் அச்சபைகளில் ஒன்றைச் சார்ந்தவன் என்னும் உரிமையோடு எழுதுகிறேன். கசப்பாக இருப்பின் பொறுத்தருள்க.

ஒரு கட்டுரையும் ஒரு பொய்யும்

முதலில் நம் பள்ளியைப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியில் திருநாள் பற்றிய கட்டுரை என்றால் அது பெரும்பாலும் தீபாவளியாகவே இருக்கும். "நான் கொண்டாடிய தீபாவளி" என்று வெண்பலகையில் எழுதிவிட்டு நாம் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறோம். 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். முப்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இருவரும் என்ன செய்கிறார்கள்? அதிகாலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்ததாகவும், பாட்டியின் காலில் விழுந்து ஆசி பெற்றதாகவும், கோவிலுக்குச் சென்றதாகவும் எழுதுகிறார்கள். நாமும் இலக்கணப் பிழை இல்லையென்று கண்டு நல்ல புள்ளி வழங்குகிறோம்.

அப்பிள்ளை அன்று நம்மிடம் கற்றது என்ன? தன் வாழ்க்கை தமிழில் எழுதத் தக்கதன்று என்பதைக் கற்றது. தமிழில் நல்ல புள்ளி வேண்டுமானால் வேறொருவன் வீட்டுக் கதையைத் தன் கதையாகச் சொல்ல வேண்டும் என்பதைக் கற்றது. இதனினும் கொடிய பாடம் மொழியாசிரியன் ஒருவன் கற்பிக்க முடியுமா?

ஆனால் பெற்றோர்களே, உடனே எங்களை நோக்கி விரல் நீட்ட வேண்டா. அதே பிள்ளையிடம், "சரி, நீ கிறிஸ்துமஸ் பற்றியே எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பேனா நின்றுவிடும். தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், மத்தாப்பு என்று பாடநூல் தந்த சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். கிறிஸ்துமசுக்கோ சொல்லே இல்லை. முன்னணை என்றால் என்ன? தெரியாது. குடில்? தெரியாது. மேய்ப்பர், வருகைக் காலம், கீதப் பவனி, விழிப்பிரவு? எதுவும் தெரியாது. "நாங்கள் பேரங்காடிக்குச் சென்றோம். பெரிய மரம் இருந்தது. பனி பெய்தது. அப்பா எனக்குப் பொம்மை வாங்கித் தந்தார். மகிழ்ச்சியாக இருந்தது." ஐந்தே வாக்கியத்தில் கட்டுரை முடிந்துவிடும்.

அப்பிள்ளை பொய் சொல்லவில்லை. வீட்டில் நடந்தது அவ்வளவுதான்! பள்ளி அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. வீடு அவனுக்குச் சொல் கொடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து அவனை ஊமையாக்கிவிட்டன.

நாள்காட்டியில் இல்லாத பிள்ளை

இன்னொன்றையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகள் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களுக்குத் தள்ளிப்போயிருந்த கல்வியாண்டு 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. பொங்கல், பள்ளி தொடங்கும் நாள்களை ஒட்டி வருகிறது. தீபாவளி, பள்ளி நடக்கும் பருவத்தில் வருகிறது. கிறிஸ்துமசோ ஆண்டிறுதி விடுமுறைக்குள் புதைந்துவிடுகிறது. பள்ளி மண்டபம் அதனைப் பார்ப்பதே இல்லை.

கிறிஸ்தவ ஆண்டின் மையமான பெரிய வெள்ளியின் நிலை இன்னும் பரிதாபம். சபாவிலும் சரவாக்கிலும் அது பொது விடுமுறை. தீபகற்பத்தில் அன்று பள்ளி உண்டு, அலுவலகம் உண்டு. கிள்ளானில் ஒரு பிள்ளை அன்று காலையில் கணக்குப் பாடம் படித்துவிட்டு, மாலையில் துணைப்பாட வகுப்புக்கும் போய்விட்டு வீடு திரும்பலாம். ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட நாள் அது என்பதை அவனுக்குச் சொல்ல நாட்டிலும் பள்ளியிலும் யாரும் இல்லை. வீடு சொல்லவில்லையெனில் வேறு யார் சொல்வார்?

ஆகவே, ஒரு கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்துக்குப் பண்டிகை மரபு என்பது வீட்டுக்கு அழகு சேர்க்கும் கூடுதல் பொருளன்று. சுற்றுச் சூழல் எதுவும் அதனைத் தாங்கிப் பிடிக்காத இடத்தில், அம்மரபு நிற்கக்கூடிய ஒரே தூண் வீடுதான்.

யாருடைய பனி இது?

பேரங்காடிகள் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நவம்பர் மாதத்திலேயே மரம் எழுகிறது, பாட்டு ஒலிக்கிறது, சிவப்பு அங்கி அணிந்த தாத்தா வந்துவிடுகிறார். வணிகர் வணிகம் செய்கிறார், அவரிடம் குறையில்லை. தீபாவளிக்குக் கோலம், சீனப் புத்தாண்டுக்கு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட், கிறிஸ்துமசுக்குப் பனி. அவருக்கு எல்லாம் விற்பனைப் பருவம். விற்பனைப் பருவத்தையும் திருநாளையும் ஒன்றெனக் கொண்டவர்கள் நாம்தான்.

அந்தத் தாத்தா யார் என்று பிள்ளைகளுக்காவது சொல்லியிருக்கிறோமா? நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். ஏழைகளுக்கு மறைவாக உதவியவர் என்று மரபு கூறுகிறது. அவரைப் பருத்த உடலும் வெண்தாடியும் உடைய கிழவராக 1863 முதல் அமெரிக்க இதழொன்றில் வரைந்தவர் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர். 1931 முதல் கோக்கோ கோலா விளம்பரங்களுக்காக ஹாடன் சண்ட்பிளம் வரைந்த சிவப்பு அங்கித் தாத்தாவே உலகெங்கும் நிலைபெற்றுவிட்டார். ஏழைக்கு மறைவாகக் கொடுத்த ஆயர், பணமுள்ளவரை வாங்கத் தூண்டும் விளம்பரமாக மாறிய கதை இது. இக்கதையைப் பிள்ளையிடம் சொன்னால் அதுவே ஒரு நல்ல கிறிஸ்துமஸ் பாடம். நாமோ வரிசையில் நின்று அவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

இன்னும் ஒரு வேறுபாடு. திருச்சபை மரபில் டிசம்பர் காத்திருக்கும் காலம். கிறிஸ்துமசுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை வருகைக் காலம் என்கிறோம். இன்னும் வராத ஒருவருக்காக வீட்டைத் துப்புரவு செய்து வைத்துக் காத்திருக்கும் பழக்கம் அது. பேரங்காடிக்குக் காத்திருத்தல் பிடிக்காது. அங்கே எல்லாம் உடனே கிடைக்க வேண்டும். டிசம்பர் 26 அன்று மரத்தை அகற்றிவிட்டு அடுத்த விற்பனைக்கான அலங்காரத்தைத் தொடங்கிவிடுவார்கள். நம் மரபிலோ கிறிஸ்துமஸ் காலம் அன்றுதான் தொடங்கியிருக்கும். ஞானியர் வந்து வணங்கிய நாளாகிய ஜனவரி 6 இன்னும் வரவில்லை!

பேரங்காடிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள், குளிர்ச்சியாக இருக்கும், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பண்டிகை என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், அவ்வளவே.

கோலம் தீட்டு, மரம் மட்டும் தூய்மையா?

இனி மறுபக்கம் நிற்கும் பெற்றோரிடம் வருகிறேன். இவர்கள் பக்தியுள்ளவர்கள், பேரங்காடி மயக்கத்துக்கு ஆளாகாதவர்கள். ஆனால் பள்ளியில் பொங்கல் விழா என்றால் பிள்ளைக்கு அன்று காய்ச்சல் வந்துவிடும். வாசலில் கோலம் கூடாது, குத்துவிளக்கு கூடாது, பொங்கல் சோறு கூடாது. கேட்டால், "அதெல்லாம் இந்து சமயம் சார்" என்பார்கள்.

மனச்சான்றுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேறு தெய்வத்துக்குப் படைக்கும் சடங்கில் பங்கேற்குமாறு எந்தப் பிள்ளையையும் எந்த ஆசிரியரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால், ஒரு வினா. அதே வீட்டின் முன்கூடத்தில் டிசம்பர் மாதம் ஊசியிலை மரம் நிற்கிறதே, அது எந்தச் சமயம்? கிறிஸ்துமஸ் மரம் விவிலியத்தில் இல்லை. அது ஜெர்மானியரின் வீட்டு வழக்கம். விக்டோரியா அரசியும் அவருடைய ஜெர்மானியக் கணவரும் தம் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த பின்னரே அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆங்கிலேயரோடு கப்பலேறி நம்மிடம் வந்தது. ஜெர்மானியன் தன் காட்டு மரத்தைக் கொண்டுவந்து கிறிஸ்துவின் பிறப்பை வரவேற்கலாம். தமிழன் தன் அரிசி மாவைக் கொண்டு வரவேற்கக் கூடாதா? குளிர்நாட்டு மரத்தைத் தூயதாக்க வல்ல இறைவனுக்கு நம் வாசற்கோலத்தைத் தூயதாக்கும் வல்லமை இல்லையோ?

இந்த வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி, தமிழர் தம் பழக்கவழக்கங்களோடே கிறிஸ்தவராகலாம் என்று வாதிட்டார். உடன் உழைத்த குருக்களே அவரை எதிர்த்தனர். வழக்கு உரோமாபுரிவரை சென்று, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பின்னர், 1820களின் இறுதியில், தஞ்சையில் புதிதாக வந்த இளம் மறைப்பணியாளர்கள் திருநாளில் பூக்களால் அழகுசெய்வதையும் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதையும் தடுக்க முனைந்தபோது, அவர்களை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

இவ்விடத்தில் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். சாஸ்திரியார் பூவுக்காகவும் பாட்டுக்காகவும் மட்டும் வாதாடவில்லை. ஆலயத்தில் சாதி வேற்றுமை தொடர வேண்டும் என்றும் சேர்த்தே வாதாடினார். அதில் அவர் பக்கம் நாம் நிற்க முடியாது. ஆகவேதான் சொல்கிறேன்: மரபு என்ற பெயரில் வருவதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டா. எது இறைவனுக்கு நன்றி சொல்கிறதோ, எது அயலானை வீட்டுக்குள் அழைக்கிறதோ, அது இருக்கட்டும். எது மனிதனைத் தாழ்த்துகிறதோ அது ஒழியட்டும். பூவும் பாட்டும் கோலமும் எவரையும் தாழ்த்தவில்லை.

பொங்கலும் அப்படியே. இந்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் பொங்கல் திருப்பலி நடைபெறுகிறது. சீர்திருத்தச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. விளைச்சலைத் தந்தவருக்கு நன்றி சொல்வது கிறிஸ்தவனுக்குப் புதிய செயலா? பானையில் பால் பொங்கும்போது யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதை அந்தந்த வீடு முடிவு செய்யட்டும். காய்ச்சல் என்று பொய் எழுதிப் பிள்ளையை வீட்டில் பூட்டிவைப்பதுதான் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது.

நம் வீட்டுப் பெட்டகம்

"தமிழில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று இளம்பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பவர்மேல் குற்றமில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. ஆண்டு 1578, இடம் கொல்லம். அது கிறிஸ்தவ மறைநூல். அதனை உருவாக்கிய அன்றிக்கு அடிகளார் 1586-இல் 'அடியார் வரலாறு' என்று புனிதர் கதைகளையும் திருநாள்களின் பொருளையும் தமிழில் தந்தார். திருநாள்களைத் தமிழில் விளக்கும் நூல் 440 ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு அச்சில் கிடைத்துவிட்டது. நம் பிள்ளைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை!

வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். தமிழைக் கற்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி இயற்றினார். யோசேப்பு என்ற பெயரை 'வளன்' என்று அழகுதமிழாக்கியவர் அவர். வேதநாயகம் சாஸ்திரியார் 1800-இல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி வந்து குறி சொல்லும் நம் நாட்டுச் சிற்றிலக்கிய வடிவத்தில், கிறிஸ்துவைப் பாட்டுடைத் தலைவராக்கிய நூல் அது. 1894-இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் ஓதப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' கோவாவிலிருந்து இலங்கை சென்று தமிழ் கற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ஆக்கம். பிரிக்பீல்ட்சில் இரயில்வேப் பணிக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தாரின் பேரப்பிள்ளைகளில் எத்தனைபேர் அப்பெயரைக் கேட்டிருப்பர்?

நம் தலைநகரையே எடுத்துக்கொள்வோம். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதனை நடத்திக் காட்டிய தனிநாயக அடிகளார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருவானவர். உலகத் தமிழறிஞர்களை இந்நகரில் ஒன்றுகூட்டியவர் ஒரு கிறிஸ்தவத் தமிழர் என்பதை, "தமிழ் என்றால் இந்து" என்று எண்ணும் ஆசிரியரும் நினைவில் கொள்ளட்டும். "கிறிஸ்தவன் என்றால் ஆங்கிலம்" என்று எண்ணும் பெற்றோரும் நினைவில் கொள்ளட்டும்.

"பிள்ளைக்கு ஆங்கிலம்தானே சார் புரிகிறது?"

இதுவே கடைசியாக வரும் கேள்வி. வீட்டில் ஆங்கிலம், ஞாயிறு பள்ளியில் ஆங்கிலம், ஆராதனையும் ஆங்கிலம். தாத்தா பாட்டி மட்டும் தமிழ் ஆராதனைக்குப் போகிறார்கள். ஒரே குடும்பம், ஒரே ஆலயம், இரண்டு வெவ்வேறு நேரம். பாட்டி பாடும் பாட்டைப் பேத்தி கேட்டதில்லை. பேத்தி பாடும் பாட்டு பாட்டிக்குப் புரிவதில்லை.

பிரிக்பீல்ட்சில் தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன்களின் சீயோன் ஆலயம் இருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் 1928-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழ்ச் சபைகளுக்கென்றே தனி ஆண்டு மாநாடு உண்டு. முன்னோர் உழைத்த உழைப்பு அது. கத்தோலிக்கர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை இலத்தீனில் திருப்பலி கண்டவர்கள். 1960களில்தான் தமிழ் பலிபீடம் ஏறியது. அவ்வாறு பெற்றதை இரண்டே தலைமுறையில் நாமே இறக்கி வைக்கிறோம். தமிழ் ஆராதனையில் பிள்ளைகளின் குரல் நின்றுவிட்டால், முதியோர் ஒவ்வொருவராக விடைபெறும்போது அவ்வாராதனையும் விடைபெறும். எவரும் தடைசெய்யத் தேவையில்லை. வருவோர் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும்.

ஆங்கில ஆராதனை தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. சீனரை, மலையாளியை மணந்த தமிழர் வீடுகளில் இரு மொழி இருப்பது இயல்பு. அங்கே இரு மொழியிலும் பாடுங்கள். ஆனால் புரியவில்லை என்பது தமிழை விடுவதற்குக் காரணம் ஆகாது. கற்பிப்பதற்கே காரணம் ஆகும். நீச்சல் தெரியாத பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு அனுப்பும் நாம், தமிழ் தெரியாத பிள்ளையை மட்டும் ஏன் தமிழிலிருந்து விலக்கி வைக்கிறோம்?

என்னதான் செய்யலாம்?

குறை மட்டும் சொல்லி ஓடிவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. செலவில்லாத சில வழிகளைக் கூறுகிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டா. ஒன்றை எடுத்து ஆண்டுதோறும் விடாமல் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வருவதையே பிள்ளை மரபு என்று அறிந்துகொள்கிறது.

1. வருகைக் காலத்தின் நான்கு ஞாயிறு மாலைகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என நான்கு வரை. லூக்கா நற்செய்தியின் முதலிரு அதிகாரங்களை நான்காகப் பகுத்து, வாரம் ஒரு பகுதியைப் பிள்ளையே தமிழில் உரக்கப் படிக்கட்டும். பழைய திருப்புதலின் நடை கடினமாக இருந்தால், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் எளிய நடையில் இருக்கிறது. படிக்கும்போது தடுமாறினால் திருத்துங்கள், சிரிக்காதீர்கள்.

2. விண்மீன் விளக்கைக் கடையில் வாங்காமல் வீட்டில் செய்யுங்கள். மூங்கில் குச்சி, நூல், வண்ணத்தாள், ஒரு சிறு மின்விளக்கு போதும். கோணலாக வந்தால் வரட்டும். தான் செய்த கோணல் விண்மீனைப் பிள்ளை மறக்காது.

3. அச்சு முறுக்கு சுடும் நாளில் பிள்ளைகளை அடுப்பங்கரையிலிருந்து விரட்டாதீர்கள். பாட்டி செய்வதைப் பார்த்து, அளவையும் பக்குவத்தையும் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை தமிழில் எழுதட்டும். பாட்டியின் கைப்பக்குவம் தாளில் ஏறும்; பிள்ளைக்கு அதுவே செயல்முறைக் கட்டுரைப் பயிற்சி.

4. கிறிஸ்துமஸ் இரவில் ஒரே ஒரு தமிழ்க் கீர்த்தனையாவது குடும்பமாகப் பாடுங்கள். ஆண்டுக்கு ஒரு புதிய கீர்த்தனை மனப்பாடமானால், ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது பிள்ளையிடம் ஆறு கீர்த்தனைகள் இருக்கும். சொற்பொருளை விளக்குங்கள்; பொருள் தெரியாத பாட்டு நெஞ்சில் தங்காது.

5. பலகாரத் தட்டு அயல்வீட்டுக்குப் போகட்டும். திறந்த இல்ல உபசரிப்பு நம் நாட்டின் அரிய பண்பாடு. தீபாவளிக்கு நமக்குத் தட்டு கொடுத்த இந்துக் குடும்பத்துக்கும், பெருநாளுக்கு அழைத்த மலாய்க் குடும்பத்துக்கும் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவரவர் உணவு நெறியை அறிந்து கொடுப்பதும் பாடத்தின் ஒரு பகுதி. "இன்று என்ன விசேஷம்?" என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லப் பிள்ளைக்குச் சொல் வேண்டும். அச்சொல்லை நீங்கள் முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

6. தவக்காலத்தில் பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைக் குறைத்து, அதில் மிஞ்சும் காசை உண்டியலில் சேர்க்கட்டும். அக்காசு யாருக்குப் போக வேண்டும் என்பதை அவனே முடிவு செய்யட்டும். பெரிய வெள்ளியன்று பள்ளிக்குப் போய் வந்தாலும், மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஆலயம் செல்லுங்கள். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை முடையும் கலையைத் தாத்தாவிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்குப் பின் அது யாருக்குத் தெரியும்?

7. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். செராசிலோ கிள்ளானிலோ உறங்கும் உங்கள் முன்னோரின் கல்லறைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். பழைய கல்லறைகள் சிலவற்றில் பெயர் தமிழில் பொறிக்கப்பட்டிருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பிள்ளையால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடியாவிட்டால், நாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை வேறு யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு

நமக்கு மூன்றே வேண்டுகோள்கள். கட்டுரைத் தலைப்பை "என் வீட்டுத் திருநாள்" என்று மாற்றுங்கள். ஒரே சொல் மாற்றத்தில் கிறிஸ்தவப் பிள்ளைக்கும், நம் பள்ளிகளில் பயிலும் பிற சமயப் பிள்ளைக்கும் தமிழ் தன் கதவைத் திறக்கும். இரண்டாவது, விடுமுறை தொடங்குமுன் வரும் கடைசிச் சபைகூடலில் பத்து நிமிடம் ஒதுக்கி, கிறிஸ்தவப் பிள்ளையொன்று தன் திருநாளைப் பற்றித் தமிழில் பேசட்டும். மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும். சமயப் பரப்புரை வேண்டா. தன் வீட்டில் நடப்பதைச் சொன்னால் போதும். மூன்றாவது, பொங்கல் விழாவில் எது பண்பாடு, எது வழிபாடு என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்கி ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். அச்சம் பெரும்பாலும் அறியாமையால் வருவது. விளக்கம் கிடைத்தால் பல காய்ச்சல்கள் தாமாகவே தணியும்.

தமிழ்ப்பள்ளி எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உரியது என்று மேடைதோறும் முழங்குகிறோம். மாணவர் எண்ணிக்கை குறைகிறதென்று கவலைப்படுகிறோம். வகுப்பில் இருக்கும் இருவருக்குத் தம் வாழ்வைத் தமிழில் எழுத இடம் கொடுக்காமல், வெளியே இருப்பவரை எந்த வாயால் அழைப்பது?

பெற்றோர்களே, அடுத்த பள்ளித் தவணையில் உங்கள் பிள்ளை "என் வீட்டுத் திருநாள்" என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கும். அந்தத் தாளை நிரப்ப வேண்டியவை உங்கள் வீட்டில் இவ்வாண்டு நடக்க வேண்டும்.

உங்கள் வீட்டு வழக்கங்களையும் மாற்றுக் கருத்துகளையும் மறுமொழியில் எழுதுங்கள். கடுமையாக எழுதினாலும் வரவேற்பேன்; தமிழில் எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்